ஒன்றே கால் வேகத்தில் வள்ளி கும்மி

பாட்டை வேகமாக ஓட்டினால் பனியனும் வேகமாகத் தைத்து முடியும் என்று நம்பிய முட்டாள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது என் மனைவியிடம் கேட்டால் அவள் இதைவிட விளக்கமாகச் சொல்லுவாள். கையால் நடித்தும் காட்டுவாள். அதற்கு நானே ஒப்புக்கொள்வது கௌரவம். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. ஒரு பெண்ணைக் கல்லூரியில் படிக்க வைக்கிறேன். ஊரில் நாலு பேர் என்னிடம் யோசனைகூடக் கேட்பதுண்டு. இவற்றில் எதுவும் அந்த எண்ணம் என் தலைக்குள் நுழைவதைத் தடுக்கவில்லை.

நல்லூரில் எங்களுக்குக் கீழே வீடு, மேலே கம்பெனி. பன்னிரண்டு தையல் மெஷின் போட்டிருந்தாலும் திருப்பூரில் அது கம்பெனிதான். மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து கிடந்தாலும் நான் ஓனர்தான். பெரிய எக்ஸ்போர்ட்காரர்களிடமிருந்து வெட்டிய துணி வரும். நாங்கள் தைத்து, பிசிர் வெட்டி, செக்கிங் பார்த்து அனுப்புவோம். தையல் என் பொறுப்பு, செக்கிங் என் மனைவியின் பொறுப்பு. ஒரு கோணல் தையலும் அவள் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை. நானும் தப்பியதில்லை.

பாட்டு இல்லாமல் எங்கள் ஊரில் ஊசி ஏறி இறங்காது. எட்டரை மணிக்கு ஊதுவத்தி காட்டி மெஷினைப் போட்டதும் முருகன் பாட்டு. டீ வந்து போனதும் திருநெல்வேலிப் பக்கத்து டெய்லரின் ஆட்சி: எல்லாம் காதலில் தோற்றவர்களின் பாட்டு. கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் உள்ள மனுஷன் எப்போது, யாரிடம் தோற்றார் என்று இன்றுவரை தெரியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒடிசாக்காரர்களுக்காக இந்திப் பாட்டு. மதிய நேரத்துத் தூக்கத்தை அதுதான் விரட்டும். சுவரில் ஒரு ஸ்பீக்கர், அதோடு சேர்த்த ஒரு பழைய போன். கம்பெனியில் யார் லீவு போட்டாலும் சமாளித்துவிடலாம்; அந்த போன் லீவு போட்டால் அன்றைக்கு உற்பத்தி பாதிதான்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். எங்கள் பெண் குழந்தையாக இருந்தபோது மேலே மெஷின் ஓடினால்தான் தொட்டிலில் தூங்குவாள். கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மேலே போய், துணி எதுவும் வைக்காமல் ஓர் ஓவர்லாக் மெஷினை வெறுமனே மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிய அப்பன்கள் உண்டு. காலால் பாடிய அப்பன் நான் ஒருவன்தான் இருப்பேன். இன்றைக்கும் ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை என்றால் மெஷின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறாள். கூட இருக்கிற பெண்கள் இவளை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்களோ!

என் மனைவி முனகிப் பாடுவாள். பெண் பார்க்கப் போன அன்று, "பாட்டு வருமா அம்மணி?" என்று என் அம்மா கேட்டதற்கு "வராதுங்க" என்று சொன்னவள்தான். கல்யாணமான மூன்றாம் நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே ஒரு முழுப் பாட்டையும் முனகி முடித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தட்பவெப்பம் அந்த முனகலில்தான் தெரியும். பாட்டு ஓடினால் கேட்டதெல்லாம் கிடைக்கும். பாதியில் நின்றால் நானும் என் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, யார் என்ன செய்தோம் என்று யோசிப்போம். பெரும்பாலும் நான்தான் செய்திருப்பேன்.

இப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "நான் வள்ளி கும்மிக்குப் பேரு குடுத்துட்டேனுங்க" என்றாள்.

எங்கள் பக்கம் இப்போது எந்தக் கோயில் விசேஷம் என்றாலும் வள்ளி கும்மிதான். முருகன் வள்ளியைத் தேடி வந்து, ஏமாற்றி, கெஞ்சி, கடைசியில் கல்யாணம் கட்டுகிற கதையைப் பாட்டாகப் பாடி, கைகொட்டி, குனிந்து நிமிர்ந்து ஆடுவார்கள். மாதக்கணக்கில் பயிற்சி. தேறியவர்களுக்கு ஆசிரியர் கையால் சலங்கை. பிறகு எல்லாரும் ஒரே மாதிரிப் பச்சைச் சேலையில் ஊர் முன்னால் அரங்கேற்றம். கம்பெனிக்குப் போகிற பெண்கள், தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்கள், பேங்க்கில் இருக்கிற பெண்கள் என்று இருநூறு பேர் அந்தத் தடவை சேர்ந்திருந்தார்கள்.

"இந்த வயசுலயா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி என்று கேட்டு முடித்தபோது தெரிந்தது.

"பள்ளிக்கூடத்துல ஆடறேன்னு கேட்டதுக்கு எங்கப்பா உடலீங்க. கண்ணாலமான பொறகு ஊடு, கம்பெனி, புள்ள. இத்தன வருசமா மத்தவங்க போடற துணியவே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்கறேன். எனக்குன்னு ஒண்ணு ஆடிப் பாக்கறேன், உடுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது.

ஞாயிறு மாலைகளில் கோயில் மைதானத்தில் பயிற்சி. மற்ற நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கம்பெனியில், செக்கிங் மேஜைக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஆடிப் பார்ப்பாள். ஆசிரியர் பாடிப் பதிவு செய்து தந்த பாட்டுகளை அந்தப் பழைய போனில் போட்டு, ஸ்பீக்கரில் ஓடவிடுவாள். டெய்லர்கள் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒடிசாக்காரர்களில் ஒருவன் அர்த்தம் தெரியாமலே முழுப் பாட்டையும் பாடக் கற்றுக்கொண்டான். வள்ளி யார் என்று கேட்டால் என்னைக் கை காட்டுவான்.

அந்தச் சமயத்தில்தான் குழந்தைகள் பனியன் ஆர்டர் ஒன்று எங்களை நெருக்கியது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இவளால் இரண்டு ஞாயிறு மைதானத்துப் பயிற்சிக்குப் போக முடியவில்லை. கம்பெனிச் சந்துதான் கதி. அந்த வாரம் ஊருக்கு வந்திருந்த என் பெண் போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியார் பேசுவது வெந்நீர் காலில் ஊற்றியது போல இருந்தது.

"என்ன கண்ணு இப்படிப் பேசறாரு?"

"ஒன்றரை ஸ்பீட்ல வெச்சிருக்கேம்ப்பா. பாடம் வெசயா முடிஞ்சுரும்."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அதை அப்போதே ஊதி அணைத்திருக்க வேண்டும். ஓவர்லாக் மெஷினைக் காலால்தான் மிதிக்கிறார்கள். கால் பாட்டைக் கேட்டுத்தான் ஆடுகிறது. ஆகவே பாட்டு ஓடினால் கால் ஓடும், கால் ஓடினால் ஆர்டர் ஓடும். இந்த விஞ்ஞானத்தை யாரிடமும் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தினம் ஒரு துளியாகக் கூட்டினேன். ஒரு வாரத்தில் போன் ஒன்றே கால் வேகத்துக்கு வந்துவிட்டது. குரல் கீச்சென்று மாறவில்லை, அதுதான் வினை. முருகன் பாட்டு முதல் தோற்ற காதல்வரை எல்லாம் ஒரு சுறுசுறுப்போடு ஓடியது.

திருநெல்வேலி டெய்லர் மட்டும் ஒருநாள் தலையைத் தூக்கி, "ஏ அண்ணாச்சி, இவன் அழுவுதானா, இல்ல யாரும் தொரத்துதாங்களா?" என்றார்.

"புதுப் பதிவுங்க" என்றேன்.

உற்பத்தி கூடியதா என்று கேட்பீர்கள். ஆல்ட்டர் கூடியது. ஆல்ட்டர் என்றால் தப்பாகத் தைத்துத் திரும்பி வருகிற பீஸ். ஒரு பனியனில் இரண்டு கையும் இடக்கையாக இருந்தது. என் மனைவி அதைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கொழந்தைக்கு ரெண்டும் பீச்சாங்கைங்களா?" என்று கேட்டபோதுகூட எனக்குப் புத்தி வரவில்லை. பழக்கமாகிவிட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாரையும் நினைத்தவன் ஒருத்தியை நினைக்கவில்லை. அந்த போனில்தான் கும்மிப் பாட்டும் ஓடியது.

ஆர்டர் முடிந்து மூன்றாவது ஞாயிறு மைதானத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பெருமையாகப் பார்க்கலாம் என்று நின்றேன். ஆசிரியர் பாடத் தொடங்கினார். எல்லாரும் குனிந்தபோது இவள் நிமிர்ந்தாள். எல்லாரும் வலது பக்கம் திரும்பியபோது இவள் திரும்பி முடித்து, அடுத்த வேலை என்ன என்று நின்றாள். கைகொட்டும் இடத்தில் இவள் கொட்டு முதலில் வந்தது. இருநூறு பேர் பின்னால் பதில் சொன்னார்கள். சுற்றி வருகையில் முன்னால் இருந்த அம்மாவின் முதுகில் போய் மோதினாள். நான் வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஆசிரியர் பாட்டை நிறுத்தினார். "அம்மணி, சித்தெ நில்லுங்க. உங்களுக்கு எங்காச்சும் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். இரண்டாம் தடவையும் அப்படியே ஆனது. மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மணி. ஒருத்தரு முந்துனா பக்கத்துல நாலு பேரு பெசகிருவாங்க. அரங்கேத்தத்துக்கு இன்னும் ஏழு நாளுதான் கெடக்குது. நீங்க அடுத்த தடவ ஆடிக்கலாமுங்க" என்றார்.

"சரீங்க" என்றாள்.

வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து அவள் எதையும் முனகாமல் வந்தது அன்றுதான். பாதி வழியில், "எனக்கு வயசாயிருச்சாட்ட இருக்குதுங்க. தாளம் காதுல நிக்கமாட்டேங்குது" என்றாள்.

எனக்கு எல்லாம் தெரியும். அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "காத்து எச்சா அடிக்குது புள்ள, ஒண்ணுங் கேக்கல."

மறுநாள் காலை அடுப்படியில் முனகலே இல்லை. தாளிக்கிற சத்தம்தான் கேட்டது, அதுவும் யாரையோ திட்டுவது போல. சட்னி அரைபடும்போது என் பெண் போன் செய்தாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அம்மா ஏம்ப்பா பாடல? என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் சரியாகப் பிடித்துவிட்டாள்.

நான் மேலே ஓடி, முதல் வேலையாகப் பாட்டைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தேன். திருட்டு முடிந்தது, யாருக்கும் தெரியாது, இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுபடியும் நினைத்தேன் பாருங்கள்.

மதியம் அவள் கடைசியாக ஒரு தடவை ஆடிப் பார்க்க வந்தாள். பாட்டு ஓடியது. இவள் கையைத் தூக்கினாள், தாளம் வரவில்லை. கை அந்தரத்தில் காத்துக்கொண்டு நின்றது. ஓர் அடி வைத்தாள். பாட்டு இன்னும் முந்தைய அடியிலேயே இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டுத் துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டே இழுத்துக்கிட்டுப் போறாப்பல கேக்குதுங்க. காதுல ஏதோ கெட்டுப்போச்சு. நாளைக்கு டாக்டருகிட்டப் போலாமுங்களா?"

கண் கலங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் திருநெல்வேலி டெய்லர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "பாட்டு இன்னைக்கித்தான் நல்லாப் போவுது அக்கா. போன வாரம்லாம் நாய் வெரட்டுன மாரில்லா ஓடிச்சு!" என்றார்.

என் மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோணல் தையலைப் பார்க்கிற பார்வை.

"அது வந்து புள்ள... பாட்ட நாந்தான் கொஞ்சம் வெசயா உட்டிருந்தேன்."

"எவ்வளவு?"

"கால் பங்குதான்."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

"எதுக்குங்க?"

"ஆர்டர் முடியோணுமில்ல."

இரண்டு இடக்கைப் பனியன் இன்னும் மேஜையில்தான் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். மூட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "அப்ப என்ற காது கெடலீங்களா? நான் கெடலீங்களா?" என்று சிரிப்புக்கு நடுவில் கேட்டாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதோடு அவள் நிறுத்திவிட்டாள்.

"வண்டிய எடுங்க. ஆசிரியருகிட்ட நீங்களே சொல்லோணும்."

அரங்கேற்ற வாரம் என்பதால் தினமும் மாலை மைதானத்தில் பயிற்சி இருந்தது. அவரிடம் தனியாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். என் மனைவி வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சொன்னேன். இருநூறு பெண்களும் கேட்டார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் தையலில் இருப்பவர்கள். எனக்கு வக்காலத்து வாங்க ஒருவரும் இல்லை.

ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, நெசமாத்தான் கேக்கறேன். நீங்க எதுவரைக்குமுங்க படிச்சிருக்கறீங்க?" என்றார்.

மைதானமே அதிர்ந்தது. பின்வரிசையில் ஓர் அம்மா, "எங்கூட்டுக்காரருக்கும் இதே யோசன வரும், சொல்லிப்போடாதீங்க!" என்று கத்தினாள். சிரிப்பு அடங்கியதும் ஆசிரியர் என் மனைவியிடம் திரும்பினார். "அம்மணி, வெள்ளிக்கிழம வாங்க. பெட்டி, போனு ஒண்ணும் வேண்டாம். நான் பாடறேன், நீங்க ஆடுங்க. பெசகாம வந்தாச் சலங்கை. இல்லீன்னா அடுத்த தடவைதான்."

நாலு நாள். இனி எந்த மெஷின் பாட்டையும் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே வேலை முடிந்ததும் தினமும் நான் பாட வேண்டும், எதிரில் நின்று கூடவே ஆடிக் கை கொட்டவும் வேண்டும். என் குரலைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டிய டெய்லர்கள் ஒருவரும் போகவில்லை. நான் இடது காலைத் தூக்க வேண்டிய இடத்தில் வலது காலைத் தூக்கி, இரண்டும் ஒன்றையொன்று சந்தித்து, துணி மூட்டை மேல் விழுந்தேன்.

"அண்ணாச்சி, இந்தக் கதையில நீங்க முருகனா, வள்ளியா?" என்றார் திருநெல்வேலிக்காரர்.

"வள்ளிய வெரட்டறதுக்கு ஒரு யானை வருமுங்க, அது இவருதான்" என்றாள் என் மனைவி.

முதல் நாள் சரிவரவில்லை. மூன்று வாரம் ஓடிய கால் நடக்க மறுத்தது. இரண்டாம் நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். செக்கிங் மேஜையில் ஒரு கட்டு பனியனை வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். பீஸை எடுத்து, தோளைப் பார்த்து, பக்கத்தைப் பார்த்து, உதறித் திருப்பி, அடுக்கில் போடுவாள். இருபது வருஷமாக அந்தக் கைக்கு ஒரு தாளம் உண்டு. எந்த ஆர்டரும் அதை அவசரப்படுத்தியதில்லை, நானும் முயன்று தோற்றிருக்கிறேன். அந்தக் கை ஓடுகிற ஓட்டத்திலேயே கும்மிப் பாட்டை முனக ஆரம்பித்தாள். இருபது பீஸ் போனதும் முனகலை விடாமல் எழுந்து வந்து சந்தில் நின்று ஆடினாள். கால் நின்று நிதானமாக விழுந்தது. ஒடிசாக்காரன் மெதுவாகக் கை கொட்டினான். எனக்கும் கொட்டத் தோன்றியது. கெடுத்துவிடுவேனோ என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சலங்கையோடு திரும்பி வந்தாள். ஆசிரியர் மூன்று பாட்டு பாடிப் பார்த்தாராம். வீட்டுக்குள் நுழையும்போதே முனகல். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு ஊத்துக்குளி நெய் இரண்டு கரண்டி விழுந்தது. மன்னிப்பு வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அரங்கேற்றம். மைதானம் முழுக்கக் கூட்டம். பாட்டைக் கெடுத்த பாவத்துக்குப் பரிகாரமாக, ஆட்டம் முழுவதையும் நான் வீடியோ எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அரங்கேற்றத்தில் ஆடுவதை ஆடுகிறவர் பார்க்க முடியாதே. அவளுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. போனுக்கு முழுச் சார்ஜ் ஏற்றி, கயிற்று ஓரத்தில் முதல் ஆளாக நின்றேன்.

இருநூறு பச்சைச் சேலை, இருநூறு கொண்டை, இருநூறு கனகாம்பரம். மற்றவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைத் தேடித் தடுமாறினார்கள். எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. மூன்றாம் வரிசை, இடது ஓரம். செக்கிங் மேஜையில் குனிந்து குனிந்து இடது தோள் கொஞ்சம் தூக்கியிருக்கும். இத்தனை வருஷம் வாழ்ந்தவனுக்குப் பின்னால் இருந்து பார்த்தாலும் தெரியாதா? போனை அவள் மேல் வைத்தவன் எடுக்கவே இல்லை. சலங்கை ஒரே சத்தமாக விழுந்தது. முதல் பாட்டில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது: முந்திவிடுவாளோ, முந்திவிடுவாளோ என்று. முந்தவில்லை. குனிகிற இடத்தில் குனிந்தாள், கொட்டுகிற இடத்தில் கொட்டினாள். வள்ளி கல்யாணத்துக்கு வந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "என்ற ஊட்டுக்காரிங்க, மூணாவது வரிசை" என்று காட்டினேன். "நல்லா ஆடறாங்க சாமி" என்றார். கை வலித்தது. போனை இறக்கவில்லை.

ஆட்டம் முடிந்து ஆசிரியர் என்னைத் தேடி வந்து, "உங்க ஊட்டம்மா ஒரு எடத்துலயும் பெசகலீங்க. அடுத்த மாசம் வெளியூர் ஆட்டத்துக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். என்னவோ நானே ஆடியது போலத் தலையாட்டிக்கொண்டேன்.

அன்னதானப் பந்தியில் எதிரெதிராக உட்கார்ந்தோம். வியர்வையில் பொட்டு கரைந்திருந்தது, சலங்கையை இன்னும் கழற்றவில்லை, முகம் அப்படி ஒரு மலர்ச்சி. இலையில் பருப்பு விழுவதற்குள், "காட்டுங்க, காட்டுங்க, எப்படி ஆடியிருக்கறேன்னு பாக்கறேன்" என்று கையை நீட்டினாள்.

போனைக் கொடுத்தேன். "ரெண்டு மணி நேரம் புள்ள. ஒரு நொடிகூட உன்ற மேல இருந்து கண்ண எடுக்கல."

அவள் பார்த்தாள். கொஞ்சம் ஓட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தாள். போனைத் துடைத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நானில்லீங்க."